ஐந்தொகை

பள்ளத்தூர் வீட்டில் மூன்றடிச் சுவர்.
போனில் ஒரு கோடுகூட நிற்பதில்லை.
விடிந்தால் கல்யாணம்.
மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு
பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று அலைந்து
கடைசியில் உட்கார்ந்தேன்
கோட்டை அடுப்புக்குப் பக்கத்தில்
வெங்காய மூட்டையின் மேல்.
தலைக்கு மேல் திறந்த வானம். இரண்டு கோடு.
போதும்.

இரவு பதினொன்று. கணக்கு இன்னும் ஒட்டவில்லை.

ஏழு இடங்களில் ஏழு கிண்ணங்கள்,
ஈரத்துக்குப் பயந்து உயரத்தில் குடியேறியவை.
மில்லிமீட்டர் அலையை
நம் ஊர்க் காற்றென்றால் பாதி வழியில் குடித்துவிடும்.
ஒரே இரவில் ஒரே இடத்தை ஏழும் பார்த்தன.
பார்த்தன என்பது பழக்கதோஷம்.
வந்த அலையின் ஏற்ற இறக்கத்தை
வந்த நேரத்தோடு எழுதி வைத்தன, அவ்வளவுதான்.
நேரம் என்றால்
நொடியை லட்சம் கோடியாய் நறுக்கிய நேரம்.

எழுதியது கம்பியில் போகாத பாரம்.
வட்டுகள் பெட்டி பெட்டியாய் விமானத்தில் வந்தன.
தென்துருவப் பெட்டிக்காக
அங்கே ஆறு மாத இரவு முடியக் காத்திருந்தோம்.

இந்த ஊருக்கு இதில் புதிதாய் ஒன்றுமில்லை.
ரங்கூன் கடை, பினாங்கு கடை, சைகோன் கடை:
ஒவ்வொரு கடையின் ஏடும்
கப்பலில் வந்து சேரும் வரை
லாபமா நட்டமா, யாருக்கும் தெரியாது.
ஏட்டைப் பக்கத்தில் பக்கம் வைத்துக்
கூட்டிக் கழித்தால்தான்
முதலாளி எவ்வளவு பெரியவர்,
எவ்வளவு பெரிய கடன்காரர்
என்று உருவம் தெரியும்.

பூமி அகலத்துக்கு ஒரு கிண்ணம் செய்ய முடியாது.
பூமி சுழன்று ஏழு புள்ளிகளையும் இழுத்து
தானே வரைந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.
மற்றதெல்லாம் ஓட்டை.
ஓட்டைக் கிண்ணத்தால் ஓட்டையைப் பார்க்கிறோம்.

ஒவ்வொரு மலையின் காற்றும் ஒரு பொய் சொல்லும்.
அலையைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கும்,
எவ்வளவு என்று சொல்லாது.
ஆனால் மூன்று பேரை வட்டமாய் உட்கார வை.
முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் உள்ள வித்தியாசம்,
இரண்டாமவனுக்கும் மூன்றாமவனுக்கும்,
மூன்றாமவனிலிருந்து திரும்ப முதலாமவனுக்கு.
கூட்டு.
பொய்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்
வானம் சொன்னது மட்டும் மிஞ்சும்.

இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.
ஏன் என்று ஆய்வேட்டில் எழுத இடமில்லை.

பட்டாலையில் மூன்று சித்தப்பாக்கள்
யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று
மூன்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
சுற்றி வந்து கூட்டினேன். பூஜ்யம்.
எங்கள் பாடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு:
மூலத்தில் இருப்பது வெறும் புள்ளி.
கோயில் கணக்கில் நாளை ஒரு புள்ளி கூடும்,
அது வேறு.

பன்னிரண்டரைக்குப் படம் திறந்தது.
மங்கலான வளையம்.
நடுவே, ஒளி உள்ளே போய்த் திரும்பாத இருட்டு.
சமையல்கார ராக்கப்பன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.
"என்னம்மா, கீழ்ப்பக்கம் மட்டும் சிவந்திருக்கு?
அடுப்பு சாஞ்சிருக்கு."

நான் சிரிக்கவில்லை.
அதைத்தான் மூன்று வருடமாய் வாதாடுகிறோம்.
சுழலும் நெருப்பில்
நம்மை நோக்கி வரும் பாதி கூடுதலாய் ஒளிரும்,
விலகும் பாதி மங்கும்.
சாய்ந்திருக்கிறதுதான். எவ்வளவு என்பதுதான் சண்டை.

"எம்புட்டுத் தூரம்?"
"ஒளிக்கே அஞ்சரைக் கோடி வருஷம்."
"தூரம் கேட்டா வருஷம் சொல்றீக"
என்று இலைக்கட்டு எண்ணப் போய்விட்டார்.

கணக்கு ஒட்டியது.
மூன்றாவது தசமத்தில் மட்டும் ஒட்டவில்லை.
அங்கே எதுவும் இருக்கலாம்,
காற்றாக இருக்கலாம், நானாக இருக்கலாம்.
மற்றவர்களுக்கு அனுப்பத் தொடங்கினேன்.
பாதி போயிருக்கும்,
கிரைண்டர் ஓட ஆரம்பித்ததும்
இரண்டு கோடும் விழுந்தன.

யாரோ வெங்காயம் கேட்டார்கள்.
எழுந்துகொண்டேன்.