தண்ணிக் கழிவு

பெட்டி கப்பலாகும் கதை அது.
முதல் பக்கத்தில் ஒரு பிள்ளை, ஓர் அட்டைப் பெட்டி.
இரண்டாம் பக்கத்தில் கடல்.

"கடல்னா?" என்றான் டினோஜன்.
நானும் கண்டதில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு
மஸ்கெலியா டேமைப் பத்து மடங்காக்கிக் காட்டினேன்.
கை இரண்டும் போதவில்லை.

மூன்றாம் பக்கத்தில் திமிங்கிலம்.
நாலாம் பக்கத்தைப் போன மாதம்
சர்மிகாவின் தம்பி தின்றுவிட்டான்.
அந்த இடம் வந்தால்
அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.
நேற்று அங்கே ரொட்டி சுட்டார்கள்,
இன்று யாரோ பஸ்ஸைத் தவறவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் அம்மா கூப்பிடுகிறாள்,
கப்பல் மறுபடி பெட்டியாகிறது.
அதை மட்டும் வாசிக்க விடமாட்டார்கள்.
"அம்மா இன்னும் மலையிலதானே, டீச்சர்.
மூடுங்க."

பிள்ளைக் காம்பராவில் பெட்டி இல்லை.
புத்தகங்கள் வந்த பெட்டியில்
ஆறாம் நம்பர் லயத்துக் கோழி
பதினொரு முட்டையோடு அடை கிடக்கிறது.
"அது இப்ப கோழியோட கப்பல்"
என்று பிரவீஷா தீர்ப்புச் சொன்ன பிறகு
ஒருவரும் கேட்கப் போகவில்லை.

உரச் சாக்கு இருக்கிறது.
தொட்டில் கம்பி இருக்கிறது.
கம்பியில் சாக்குத் தொங்கினால் தராசு.
காதில் பென்சில் செருகியதும்
டினோஜன் கணக்கப்பிள்ளை.

பின்வாசலில் பனி ஏறி வந்து
தேயிலையையும் ரோட்டையும் விழுங்கிவிட்டுப்
படிக்கட்டில் நின்றது.
சாக்குக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு
சர்மிகா இறங்கினாள்.
இரு கையாலும் பனியைக் கிள்ளிக் கிள்ளித்
தோளுக்கு மேலால் போட்டாள்,
அவள் அம்மாவின் அதே வேகம்.

"பதினெட்டு.
தண்ணிக்கு ரெண்டு கழிவு."

"பனி முழுக்கத் தண்ணிதானே, ஐயா."

கணக்கப்பிள்ளை யோசித்தார்.
"அப்ப எல்லாமே கழிவு. உனக்கு அரைப் பேர்."

எனக்கு வந்த சிரிப்பு
பாதியில் நின்றது.

அவள் அழவில்லை.
சாக்கை உதறினாள்,
தானே உள்ளே ஏறிக் கம்பியைப் பிடித்தாள்.
"இப்ப நிறு."

"தொண்ணூறு! ஆனா தல நனஞ்சிருக்கு."

"அது என் தல."

அதற்கு அவனிடம் பதில் இல்லை.
"சரி, முழுப் பேர்" என்று பென்சிலை எடுத்தவன்
"உன் முழுப் பேர் என்னா?" என்றான்.

"ஆறுமுகம் சர்மிகா."

எழுத்துத் தெரியாதவன்
சுவரில் மூன்று அலை கிறுக்கினான்,
இரண்டாம் பக்கத்து அலை.

நாலரைக்கு வாசலில் அம்மா கூப்பிட்டாள்.
சாக்கை விட்டு இறங்காமலே
"நீ எத்தன கிலோ?" என்றாள் மகள்.

தலைக்கயிற்றைக் கழற்றிக்கொண்டே
அவள் சொன்னாள்:
"கழிவு போகப் பதினாறு. வா."