தலைக்கு ஆயிரம்

"முதுகுதான் போச்சே, இறங்கிடு.
டிரைவர் பிடிச்சுக் குடு, தலைக்கு ஆயிரம்"
என்கிறார் சங்ககிரி லாரி ஆபீஸ் பொன்னுரங்கம்.
சுழல்கிற நாற்காலி. ஆடாத தரை.
இரவு என்றால் படுக்கை என்று இருக்கும் இரவு.

கொண்டலாம்பட்டி பைபாஸ் டீக்கடையில்
சும்மா ஒரு பையனிடம் ஒத்திகை பார்த்தேன்.
ஹெவி லைசென்ஸ் எத்தனை வருஷம்?
தொப்பூர் இறக்கத்தில் எந்த கியர்?
ஏறின கியரிலேயே இறங்கணும் என்றான். சரிதான்.

பிறகு அவன் கேட்டான்:
மாசத்துக்கு எத்தனை நாள் வீடு?

நாக்பூருக்கு ஜவ்வரிசி, திரும்பும்போது ஆரஞ்சு.
மகள் பிறந்த சேதி
ஏதோ ஒரு டோல்கேட் வரிசையில் வந்தது,
பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள்.

எட்டு, என்றேன்.
நாலுதான்.

டம்ளரைக் கழுவப் போட்டுவிட்டு
அவன் நம்பரைக் கேட்டேன்.
வேலைக்கு வருகிறேன் என்று
பொன்னுரங்கத்திடம் நான் இன்னும் சொல்லவில்லை.