கயிறு கட்டும் மாதம்

நவம்பர்.
புந்தா அரெனாஸில் காற்றுக்குப் பைத்தியம் பிடிக்கும் மாதம்.
நகராட்சிக்காரர்கள் தெருமுனைகளில்
தூணுக்குத் தூண் கயிறு கட்டுகிறார்கள்.
பிடித்துக்கொண்டு நடக்கத்தான்.
வேறெதற்கும் உதவாது அந்தக் கயிறு.

நான் தண்ணீர் மீட்டர் படிப்பவள்.
ஒரு நாளைக்கு நூற்று அறுபது வீடு.
வேலிக்குள் கையை விட்டு, மூடி திறந்து,
சிலந்தியை ஊதித் தள்ளி, எண்ணை எழுதுவேன்.
எந்த வீட்டில் யார் அழுதார்கள் என்று
மீட்டர் காட்டுவதில்லை.
அழுதபின் முகம் கழுவியதைக் காட்டும்,
அதையும் சமையல் தண்ணீரோடு சேர்த்து.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்
என் எண்ணையும் குறித்து வைக்கிறேன், பத்துக்கு இவ்வளவென்று.
திங்கள் மூன்று. செவ்வாய் மூன்று.
புதன் எழுதவில்லை. அப்படியென்றால் இரண்டு.

காரணம் கேட்காதீர்கள்.
யாரும் சாகவில்லை. வேலை இருக்கிறது. பல்வலிகூட இல்லை.
இரவு பத்து மணிக்கும் ஜலசந்தியின் மேல் வெளிச்சம் கிடக்கிறது,
விருந்து முடிந்தும் கிளம்பாத சொந்தக்காரர் போல.
அத்தனை வெளிச்சத்திலும்
கழுவாத நான்கு தட்டுகளுக்கு முன்னால்
கோட்டைக் கழற்றாமல் நிற்கிறேன்.

"சிரித்தால் சரியாகிவிடும், ஒத்திலியா" என்கிறான்
அலுவலகத்தில் எலியேசர் மன்சியா.
நல்லவன். தன் ரொட்டியில் பாதி தருபவன்.
அவனுக்காக ஒருமுறை
பேருந்துக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன்.
எதிர் இருக்கைக் குழந்தை தாயோடு ஒட்டிக்கொண்டது.

எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் சில்லறை.
எழுந்ததும் படுக்கையை உதறிப் போடுவது.
தண்ணீர் கொதிக்கும்வரை ஜன்னலோரம் நிற்பது, போனைத் தொடாமல்.
மாத்திரை போட்டதும் டப்பாவைக் கவிழ்த்து வைப்பது,
பிறகு சந்தேகம் வராதபடி.
தங்கை கூப்பிட்டால் எடுத்துவிடுவது,
"ம்" மட்டும் கொட்டினாலும்.
எதுவும் பலிக்காத நாளும் உண்டு.
அன்றைக்கு மீட்டர் மட்டும் படிப்பேன்.

நேற்று வியாழன்.
மணிக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் என்றது வானொலி.
வங்கி முனையில் கயிற்றைப் பிடித்தேன்.
எதிரே ஒரு பெண். ஒரு கையில் கயிறு,
மறு கையில் கேக் பெட்டி.
நட்டநடுவில் முட்டிக்கொண்டோம்.
யாராவது ஒருவர் கையை விட்டாக வேண்டும்.
"நீங்கள் போங்கள்" என்றாள்.
"இல்லை, நீங்கள்" என்றேன்.
காற்று போனது.

பெட்டியின் மூடியோடு.
அதன் பின்னாலேயே என் குறிப்பேடு பிரிந்து
மூன்றும் மூன்றும் எழுதாத புதனும்
சிவப்புத் தகரக் கூரைகளைத் தாண்டிப் பறந்தன.
கிரீம் அவள் மூக்குக்கண்ணாடியில். என் மேலுதட்டில்.
கேக்கில் எழுதிய பெயரில் மூன்று எழுத்து மிச்சம்.
கயிற்றை விடவும் முடியாமல், துடைக்கக் கையும் இல்லாமல்
இரண்டு பேரும் குனிந்து குலுங்கினோம்.
சிரிப்புத்தானா அது, தெரியவில்லை.
கண்ணில் நீர். காற்றடித்தால் எல்லோருக்கும் வருவதுதான்.

"எப்படி இருக்கிறது?" என்று கத்தினாள்.
உதட்டை நக்கிப் பார்த்தேன்.
கலாஃபதே பழம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.
"பிரமாதம்!" என்று கத்தினேன்.
கடைசியில் அவள் கைக்கு அடியில் குனிந்து நுழைந்து
நான் அந்தப் பக்கம். அவள் இந்தப் பக்கம்.
பெயர் கேட்கவில்லை.

சாயங்காலம் மேலாளர் திட்டினார்.
நாற்பத்தொரு வீட்டை மறுபடி படிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினேன்.
ஒரு தட்டைக் கழுவினேன்.
மூன்று கிடக்கின்றன. அவ்வளவுதான் முடிந்தது.
குழாயை மூடிவிட்டு வெளியே போய்
என் வீட்டு மீட்டரின் மூடியை
முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன்.

முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது.