சரியான சிவப்பு

புன்டா அரெனாஸில்
காற்று ஓயட்டும் என்று காத்திருந்தால்
காருக்கே வயதாகிவிடும்.
நெலிடா பாரியா கராஜ் கதவிடுக்கில்
பழைய கம்பளியைத் திணித்தாள்.

போர்வெனிருக்கு அப்பால் சரளைச் சாலை
பானெட்டில் கொத்திய இடம் பதினேழு.
ஒவ்வொன்றிலும் துரு, மிளகாய் விதையளவு.
உப்புத்தாளைக் குச்சிமுனையில் ஒட்டிச் சுரண்டி
ஸ்பிரிட்டால் துடைத்து
மூச்சடக்கி
பல்குச்சியால் ஒரு சொட்டு.
பிரஷ் ஆகாது. பிரஷ் அவசரக்காரி.

காய்ந்ததும்
பதினேழும் தெரிந்தன, முன்பைவிட நன்றாக,
அம்மை வார்த்ததுபோல.

குப்பியின் எண்ணைக் கதவோரத்து எண்ணோடு
மூன்று முறை ஒப்பிட்டாள். அதேதான்.
கடைக்காரன் ஏமாற்றவில்லை.
மீதிக் கார்தான்
பதினொரு கோடை
ஓசோன் ஓட்டைக்குக் கீழே நின்று
ஒரு வார்த்தை சொல்லாமல் வெளுத்திருக்கிறது.

ஞாயிறன்று வாங்க வந்தார் எலேயுதேரியோ.
குனிந்தார். நகத்தால் ஒன்றைத் தடவினார்.
"வேறு கார் பெயிண்ட்டா?"

அவள் கதவைத் திறந்து
உள்விளிம்பைக் காட்டினாள்.
வெயில் படாத ஒரு சாண் சிவப்பு.
பானெட்டையும் அதையும்
மாறி மாறிப் பார்த்தார்.

ஆனாலும் விலையைக் குறைத்தார்.
அவளும் ஒப்புக்கொண்டாள்.
சாவியோடு குப்பியையும் கொடுத்தாள்;
பாதிக்கு மேல் இருந்தது.