அரைப் பாகை

ஆயிரத்து நூற்றெண்பது குதிரைவலு.
பத்துக் குதிரை லாண்ட்மாஸ்டர் நூற்றுப் பதினெட்டை
ஒரே கயிற்றில் பூட்டினால் வரும் இழுவை.
அவ்வளவும் பின்சில்லு இரண்டுக்கு.
மூன்றாம் கியரிலும் சில்லுதான் ஓடுது,
கார் ஓடேல்லை.
மாரி வயலில் புதைஞ்ச மெசின் மாதிரி
நிண்ட இடத்திலேயே புகை.

"அக்கா, இன்னும் பவர் ஏத்துங்கோ."
நிதுசன் சொல்லுறான். அவன்ரை மச்சான் கோகுலன் தலையாட்டுறான்.
இன்னொண்டு, பேர் தெரியாத சின்னன்,
உரப்பையில் குந்தியிருந்து பிஸ்கற் தின்னுது.
மொன்றியலில் இருக்கிற வாகீசன்
ஒரு நிமிசம் ஐம்பத்தெட்டில் சுத்துறானாம்.
நாங்கள் இரண்டு நிமிசம் மூன்று.
மல்லாவியின்ரை மானம் என்ரை கையிலாம்.

முதல் வேலையா இருநூறு குதிரையை
அவிழ்த்து விட்டன்.
வீட்டு மாட்டை ஆரோ ஓட்டிக்கொண்டு போற மாதிரி
நிதுசன் பார்த்தான்.

பின்ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கு.
பின் ஸ்பிறிங்கை இளக்கு.
கியரை நீட்டு, முதலாவதை மட்டும் நல்லா நீட்டு.
டிபரன்சலைப் பற்றி இஞ்சை ஆருக்கும் விளக்கத் தேவையில்லை,
சேத்தில் ஒரு சில்லு மாத்திரம் சுத்தினால் என்னாகும் எண்டு
சின்னனுக்கும் தெரியும்.
ஒவ்வொரு இலக்கமும் சி.ஆர். கொப்பியில்.
ஒரு சுற்று, ஒரு மாற்றம்.
இரண்டை ஒண்டாய் மாத்தினால்
எது வேலை செய்தது எண்டு கார் சொல்லாது.

ஆக்சிலேற்றர் வலது சுட்டுவிரலில்,
பிறேக் இடதில்.
இந்தக் காரில் காலுக்கு வேலையில்லை.
என்ரை இடதுகாலைக் கழற்றிக்
கட்டிலுக்குக் கீழை வைச்சிட்டுத்தான் ஓடுறனான்.
பெடியள் அதைத் தாண்டிப் போவாங்கள், வருவாங்கள்.
எப்பிடி எண்டு கேட்டதில்லை.
கேட்கிற ஆக்களுக்கு வருசத்தை மட்டும் சொல்லுவன்.

இரண்டு நிமிசம்.
ஒன்று ஐம்பத்தொன்பது, ஏழு.
அங்கேயே நிக்குது.
ரயரின்ரை சூட்டைப் பார்த்தன்:
உள்விளிம்பு எண்பது, நடு எண்பத்தாறு,
வெளிவிளிம்பு நூற்றுநாலு.
வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்ஞ்சு
ஒரு ஓரத்திலேயே பாரத்தைத் தூக்குது.
கேம்பர் காணாது.
அரைப் பாகை உள்ளுக்குச் சரிச்சன்.

சரிச்ச கையோடை
கட்டிலுக்குக் கீழை கண் போச்சு.
இடதுகால் சப்பாத்து.
வெளிவிளிம்பு மட்டும் நூல் தெரியத் தேய்ஞ்சு கிடக்கு.
ஆறு மாசமாய் இடுப்புக்குத் தைலம் பூசினது
இதுக்குத்தானோ!

அதுக்குள்ளை கரண்ட் போச்சு.
சேவ் பண்ணேல்லை.
மூன்று பேரும் ஒரே குரலில் "ஐயோ".
இருட்டுக்குள்ளை கொப்பியைத் தடவிப் பார்த்தன்.
இருந்தது.

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம்.
கால் செய்யிற இடத்தில் புதுப் பெடியன் ஒருத்தன்,
பேர் ஜெறால்ட், கையில் எல்லன் சாவி.
"எங்கை நோகுது?"
"நோவை விடுங்கோ. கேம்பரைப் பாருங்கோ.
வெளிவிளிம்பு தேயுது. அரைப் பாகை காணும்."
சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"அரைப் பாகை எல்லாம் இந்த ஆணிக்குத் தெரியாது அக்கா,
கால் சுற்று தாறன், நடந்து பாருங்கோ."
"ஒரு சுற்று, ஒரு மாற்றம்," எண்டன்.
விளங்கினவன் மாதிரி ஒரே ஒரு ஆணியைத்தான் தொட்டான்.

வரேக்கை மாங்குளம் தாண்டி
மல்லாவி றோட்டில் திரும்பின பஸ்
இரண்டாம் கியரில் கிடந்து கத்துது.
நீட்டச் சொல்லி வாய் உன்னினது.
ட்ரைவருக்குப் பின்னாலை இருந்து
பேசாமல் வந்தன்.

இரவு சின்னன்தான் ஓடினது.
ஒன்று ஐம்பத்தெட்டு, மூன்று.
வாகீசன் இப்ப ஐம்பத்தேழாம்.
சின்னன்ரை பேர் அபினயன்.