சந்திக்கும் இடம்

வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
சட்டைப்பை அதிர்ந்தால் தீயணைப்பு வண்டி.
இரண்டுக்கும் ஒரே கையுறை,
இடது கட்டைவிரலில் ஓட்டை.

நவம்பரில் ஒரு வியாழன்,
பெய்ப்சி ஏரிக்கரைப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு.
பேருந்துக்கார லீலோ
தலைக்கவசத்தோடு நுழைந்ததில்
பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

முதலில் ஏரியைச் சொன்னேன்.
இன்னும் உறையவில்லை அது,
உறைந்ததுபோல் பாவனை செய்கிறது.
விரல்கடைப் பனி ஒரு பூனையைத் தாங்கும்.
பூனையைத் தேடிப் போகிறவனைத் தாங்காது.
மரப்பிடி போட்ட இரண்டு ஆணி, நடுவே கயிறு:
கழுத்தில் கிடக்கட்டும், பையின் அடியில் அல்ல.
உடைந்து உள்ளே விழுந்தால்
முன்னே போகப் பார்க்காதே,
வந்த பக்கம் திரும்பு.
அதுவரை உன்னைத் தாங்கியது அந்தப் பக்கம்தான்.
காலை உதை, ஆணியைக் குத்து, இழு.
ஏறியதும் எழாதே, உருள்.

படுத்து உருண்டு காட்டினேன்.
நாற்பத்தாறு வயது முதுகு
தரைப்பலகையோடு சேர்ந்து முனகியது.

பிறகு அடுப்பு.
தணலின் மேல் நீலம் நெளியும்வரை
புகைபோக்கித் தகட்டை மூட விடாதீர்கள்.
சூடு போய்விடுமே என்று அவசரப்பட்ட வீட்டில்
யாரும் இருமுவதுகூட இல்லை,
தூங்கிக்கொண்டே இருப்பார்கள்.
இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக வண்ணப் பென்சில்.
"வீட்டை வரையுங்கள். வெளியேற இரண்டு வழி.
வெளியே எல்லோரும் வந்து நிற்க ஓர் இடம்."

அக்ஸீனியா வெங்காயக் கொட்டகையை வரைந்தாள்,
தொங்கும் சரங்களை ஒவ்வொன்றாக எண்ணி.
ஹெர்த்தா தன் நாய்க்குத் தனிக் கதவு வைத்தாள்.
ரெய்மோ தாளின் இந்த ஓரம் ஒரு வீடு,
அந்த ஓரம் ஒரு வீடு.
நான்கு வழி, நான்கு சிவப்பு அம்பு.
நான்கும் நடுவில் ஒரு கூரைக்கு வந்து சேர்ந்தன.
என் பேருந்து நிறுத்தம்.

"வெள்ளிக்கிழமை அம்மாவும் அப்பாவும்
இங்கதான் வருவாங்க."

அம்மா வீட்டிலிருந்து ஒன்று புள்ளி நான்கு கிலோமீட்டர்,
அப்பா வீட்டிலிருந்து இரண்டு புள்ளி ஒன்று.
தினம் ஓட்டுகிறவளுக்கு மனப்பாடம்.
வெறும் காலுறையோடு, பனியில், இரவில்?

தப்பு என்று சொல்ல வாய் திறந்தேன்.
"வீட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று வேணும்" என்றேன்.
"ரெண்டு வீட்டுக்கும்."
"இதை அழிக்கணுமா?"
"வேண்டாம்."

அன்று மாலை வீடுவீடாகப் புகைமணிச் சோதனை.
அவன் அப்பா வீட்டு மணி
மூடி திறந்து, வாய் பிளந்து தொங்கியது.
பேட்டரி?
அவர் தரையைப் பார்த்தார்.
கட்டிலடியில் ஒரு பொம்மை மண்வாரி,
ரிமோட்டின் வயிற்றில் என் பேட்டரி.
"இருப்பதே இரண்டு நாள். அதில் அழுதால்…"
முழுதாகச் சொல்லவில்லை.
நான் திட்டத்தான் வந்தேன்.
பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துப் பொருத்தி
பொத்தானை அழுத்தினேன்.
வீடு அலறியது.
"இப்போது எங்கே போய் நிற்பீர்கள்?"
சன்னல் வழியே ஆப்பிள் மரத்தைக் காட்டினார்.
"அவனுக்குத் தெரியுமா?"
காது அடைத்தவர்போல நின்றார்.

அடுத்த திங்கள்.
படியில் ஏறும்போதே ரெய்மோ,
"அப்பா மூணு தடவை அலற விட்டார்.
மூணாவது தடவை
மரத்தை நான்தான் முதல்ல தொட்டேன்."

"அம்மா வீட்டில்?"

"விறகுக் கொட்டகை. நாங்க ரெண்டு பேரும் சரியா வந்துட்டோம்.
பூனைதான் வரமாட்டேங்குது."

பின்னால் ஒரு லாரி ஒலியெழுப்பியது.
கதவை மூடினேன்.
பூனைக்கு என்ன சொல்வது என்று
யோசித்துக்கொண்டே
ஏரியோரமாக ஓட்டினேன்,
நான்கு நிமிடம் தாமதமாக.