ஏழு பேர்ச்சஸ்

கல்லுமலைத் தோட்டத்தில்
தேயிலை வேர்பிடிக்காத ஒரே சரிவை
எங்களுக்குப் பிரித்துத் தரச் சம்மதித்தது கம்பனி.
அளக்க வந்தார் விஜேதுங்க.
சங்கிலி பிடிக்க நான், நாட்கூலிக்கு.

மூன்றாம் முளையில் திசைகாட்டி பிசகியது.
தட்டினார். ஊதினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.
வடக்கைக் காட்ட வேண்டிய முள்
மானாப்புல் மூடிய குழியைக் காட்டி
அசையாமல் நின்றது.

உள்ளே என்ன, என்றார் அரைத்தமிழில்.
இரும்பு, என்றேன்.

காந்தக்கல், கறுப்பு, கையில் எடுத்தால்
கண் சொன்னதைவிடக் கனக்கும்.
காவிக்கல், மழை தொட்டால்
ஓடையெல்லாம் வெற்றிலை எச்சில்.
இடையிடையே காக்காப்பொன்;
பிள்ளைகள் உரித்துக் கன்னத்தில் ஒட்டிக்கொள்வார்கள்,
பள்ளிக்கூடம் போகுமுன் கழுவிவிடுவோம்.

யாரோ மிகப் பழையவர்கள் இங்கே உலை வைத்தார்கள்.
துருத்தி கிடையாது.
கச்சான் காற்றுக்கு வாய் திறந்து வைத்தார்கள் மலைமுகத்தில்.
காற்று ஊத ஊத இரும்பு இறங்கியது.
மிஞ்சிய கிட்டம் எங்கள் லயத்து அஸ்திவாரத்தில்;
என் அடுப்புக்கு மூன்று கல்லும் அதில்தான்.

பிறகு கிரிஃபின் துரை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் தோண்டி
பதினாலில் விட்டுவிட்டார்:
அப்புத்தளை ஸ்டேசனுக்கு வண்டிக்கூலி
இரும்பின் விலையை மிஞ்சியது.
அந்த மூன்று வருஷச் செக்ரோல்
கரையான் தின்றது போக நாலு தாள்.
ஆபீஸ் பரணில், என் கண்ணால் பார்த்தேன்.
குழி ஆள் பதினேழு. அதில் ஐந்து பேர் கறுப்பன்,
ஆகவே நம்பர்.
பதினொன்றாம் நம்பருக்கு நேரே
ஒரு புதன்கிழமையிலிருந்து வெறுங்கட்டம்.
குறுக்குக்கோடு கூட இல்லை.
மண்வெட்டி ஒன்று நட்டம் என்று மட்டும்
பக்கத்தில், நல்ல கையெழுத்தில்.

இதை விஜேதுங்கவுக்கு எந்த மொழியில் சொல்ல?
கருவி சரியில்லை என்று எழுதிக்கொண்டார்.
வடக்கு எது, என்றார்.
முதுகைக் காற்றுக்குக் கொடுத்து
கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி
கை நீட்டினேன்.
அந்த வடக்கை வைத்து இருபத்திரண்டு வீட்டுக்கு
நூல் பிடித்தோம்.
ஒரு துண்டு மட்டும் குழியின் விளிம்பைத் தொட்டது.
யாருக்கென்று சீட்டுப் போடத்தான் வேண்டும்.

படம் காற்றில் எழும்பியது.
மேலே வைக்கக் கல் கேட்டார்.
கறுப்பாய் ஒன்றைக் கொடுத்தேன்.
வைத்தார்.
பக்கத்தில் கிடந்த திசைகாட்டியில்
முள் மெல்லத் திரும்பியது.
பார்க்காதவர் போல
மூடியைச் சாத்தினார்.